ஒற்றைச்செருப்பு ஆற்ர பிள்ளை?

அத்தியாயம் 9

குளக்கட்டைப் பூட்டுவதற்கு இன்னும் ஏழு மணித்தியாலம் இருந்தது.

மண்ணாலான குளக்கட்டை யாரும் பூட்ட முடியாது. அது உருத்திரபுரத்தில் தன்பாட்டில் கிடந்தது. இது இணையத்தில் இருந்த ‘குளக்கட்டு’. அந்த ஊரில் பிறந்து கனடாவுக்குப் போன யோகநாதன் நடத்திய பக்கம். ஊர்ச்சனம் நாலா பக்கமும் சிதறிய பிறகு செத்தவீடு, கலியாணவீடு, கோயில் திருவிழா, குளத்து நீர்மட்டம் எல்லாம் அங்கேதான் பேசப்பட்டன. அதில் ‘தேடுகிறோம்’ என்று ஒரு பகுதியும் உண்டு. இடம்பெயர்வுகளில் தொலைந்துபோனவர்களின் பெயர்கள் அதில் இருந்தன. வேற்றூரவர் கேட்டாலும் யோகநாதன் மறுக்காமல் போடுவார். விமலேஸ்வரி கிளிநொச்சிக்காரி. அவளுடைய தம்பி பிரதாபனின் பெயர் வெளியுலகத்துக்குத் தெரியும்படி எழுதப்பட்டிருந்த ஒரே இடம் அதுதான்.

அதனால் அன்று காலையில் இருந்தே அவளால் ஒரு கதிரையில் இருக்க முடியவில்லை.

வவுனியா கடைவீதியில், ஒரு மாடிப்படிக்குக் கீழே இருந்தது அவளுடைய கடை. இரண்டு தொலைபேசிக் கூடு, இரண்டு கணினி, ஒரு போட்டோக்கொப்பி இயந்திரம். சனம் அதைக் கொமினிகேசன் என்று சொல்லும். பகலில் விமலேஸ்வரி அங்கே இருப்பாள். பொழுதுபட்ட பிறகு இரசாயனம் படிப்பிப்பாள். ரியூட்டரியில் களவுபோன வினாத்தாளையும் சந்தையில் மாறிப்போன பசுவையும் அவள் கண்டுபிடித்துக் கொடுத்த பிறகு, தொலைபேசி எடுக்க வருகிறவர்களில் பாதிப்பேர் வேறு அலுவலாகத்தான் வந்தார்கள். கணினி திருத்துகிற நுஸ்கி அவளுக்குக் கூட்டாளி. இருபத்திரண்டு வயது. புத்தளத்தில் இருந்து வந்தவன். வாய் ஓயாது.

“ரீச்சர், நீங்கள் இப்பிடிக் குறுக்கையும் நெடுக்கையும் நடந்தா சீமெந்து தேயும். கடைச் சொந்தக்காரர் வாடகையோட அதையும் கேப்பார்.”

“வாசி” என்றாள் அவள்.

நுஸ்கி கணினியின் முன்னால் சாய்ந்து உட்கார்ந்தான்.

யோகநாதன் இரண்டு கிழமைக்கு முன்னர் குளக்கட்டின் முகத்தை மாற்றியிருந்தார். பழைய பச்சை நிறம் போய், புதிதாக நீலமும் பொன்நிறமும் வந்தன. அன்றைக்குத் தொடங்கிய சண்டை இன்னும் ஓயவில்லை.

“நோர்வேயில இருந்து ஒருத்தர்: ‘பக்கம் திறந்தா கலியாண மண்டபத்துக்குள்ள வந்த மாதிரிக் கிடக்கு, பொம்பிளை மாப்பிளையைத்தான் காணேல்லை.’ சுவிசில இருந்து நடராசா: ‘எங்க அந்த நாதஸ்வரம்? பக்கம் திறந்த உடனை வாசிக்குமே. அதால வேலையிடத்தில ரெண்டுதரம் மாட்டுப்பட்டனான். எண்டாலும் வேணும்.’ பாரிசில இருந்து ஒரு அம்மா: ‘எழுத்து எல்லாம் பெட்டி பெட்டியாத் தெரியுது. எங்கட ஊரிலயே இவ்வளவு பெட்டி இருந்ததில்லை.’”

“அவையளை விடு. ஒற்றைச்செருப்பு எண்ட பேரில எழுதுறவர் என்ன சொல்லுறார்?”

நுஸ்கி ஒரு கணம் திரையைப் பார்த்தான். “அவர் என்ன, ஒரு செருப்பைப் போட்டுக்கொண்டு மற்றதை யோகநாதனுக்கு எண்டு வச்சிருக்கிறார் போல.”

காலையில் கடை திறந்த கையோடு யோகநாதன் தொலைபேசி எடுத்திருந்தார். அங்கே சாமம். நித்திரையில்லாத குரல்.

“பிள்ளை, ஏசுறவை ஏசட்டும். புதுச்சட்டை போட்டுக்கொண்டு கோயிலுக்குப் போனாலும் எங்கட சனம் ஒரு கதை சொல்லும். ஆனா இந்த ஒற்றைச்செருப்பு எண்டவன் என்னைக் கொல்லுறான். ஒண்டைத் திருத்தினா அடுத்ததைச் சொல்லுறான். முழு ஊரும் அவனுக்குப் பின்னால நிக்குது. அவனுக்கு உண்மையா என்ன வேணும் எண்டு கண்டுபிடிச்சுச் சொல்லு. குடுத்திட்டு நடத்துறன். இல்லையெண்டா உங்கட நேரம் ஆறு மணிக்கு, நான் வேலைக்குப் போக முதல், எல்லாத்தையும் அழிச்சுப்போட்டுப் போறன். என்ர மனுசியும் அதைத்தான் சொல்லுறா.”

“எங்க இருந்து எழுதுறான் எண்டு பார்க்கேலாதா?” என்று இப்போது விமலேஸ்வரி கேட்டாள்.

“ஏலாது ரீச்சர். ரெலிபோன் லைனில இன்ரநெற் எடுக்கிற ஆள் எண்டா ஒவ்வொருக்காலும் இணைப்பு இலக்கம் மாறும்.”

“சரி. எங்க இருந்து எண்டு தெரியாட்டி, எதைப் பற்றி எண்டு பார்ப்பம்.”

அவள் கைப்பையைத் திறந்து ஒட்டுப்பொட்டு மட்டை ஒன்றை எடுத்தாள். ஒற்றைச்செருப்பின் முறைப்பாடுகளை ஒவ்வொன்றாக வாசிக்கச் சொன்னாள். அவர் குறைசொன்ன இடத்தில் திரைமேல் ஒரு சிவப்புப் பொட்டு ஒட்டினாள்.

“மணிக்கூடு பிந்தி ஓடுது” என்று வாசித்தான் நுஸ்கி. ஒரு பொட்டு. “மணிக்கூட்டின்ர நிறம் கண்ணைக் குத்துது.” இன்னொரு பொட்டு. யோகநாதன் வெறுத்துப்போய் மணிக்கூட்டை எடுத்துவிட்டு அந்த இடத்தில் குத்துவிளக்கு வைத்தார். “விளக்குக்கு எண்ணெய் ஆர் விடுறது? புகைக்குது.” பொட்டு. விளக்கு போய்க் கூப்பிய கை வந்தது. “கையில ஆறு விரல் கிடக்கு.”

“கிடக்கா?”

“எண்ணிப் பார்த்தனான் ரீச்சர். சரியாத்தான் கிடக்கு. எண்டாலும் நோர்வேக்காரர் தனக்கும் ஆறு தெரியுது எண்டு எழுதியிருக்கிறார்.”

முறைப்பாடுகள் முடிந்தபோது திரையின் வலப்பக்க மேல்மூலை சிவந்துபோயிருந்தது. மற்ற இடமெல்லாம் வெறுமை.

“கொம்பியூட்டருக்கு அம்மாள் வருத்தம்” என்றான் நுஸ்கி. “வேப்பிலை கொண்டரட்டே?”

அவள் சிரிக்கவில்லை. “இவருக்கு மணிக்கூட்டோடயும் கோவமில்லை, விளக்கோடயும் கோவமில்லை. இந்த மூலையில கிடக்கிற பெட்டியோட கோவம். இதை எடுத்தா கீழ என்ன தெரியும்?”

“ஒண்டும் தெரியாது. பின்னால குளத்துப் படம்தான்.”

“பழைய பக்கத்தில அந்த மூலையில என்ன இருந்தது?”

“ஆருக்கு ஞாபகம்?”

அவள் சுற்றிப் பார்த்தாள். போட்டோக்கொப்பி இயந்திரத்துக்கு மேலே, சுவரில், பழைய விளம்பரத்தாள் ஒன்று மங்கிப்போய் ஒட்டியிருந்தது. ‘குளக்கட்டு இங்கே பார்க்கலாம்.’ கடை திறந்த புதிதில் பழைய பக்கத்தை அச்சடித்து அவளே ஒட்டியது. அதைக் கிழியாமல் உரித்து எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள்.

தலைப்பில் கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று. நீர் முட்டிய குளம், நீளமான கட்டு, ஒரு மருதமரம். வலப்பக்க மூலையில், கட்டின்மேல், சைக்கிளைப் பிடித்தபடி ஒரு மனிதர். சைக்கிள் பாரில் ஏதோ மூட்டைபோல ஒன்று. படத்தின் ஓரத்தில் சின்ன எழுத்தில், ‘படம்: வீரகத்தி’.

“இவர்தான் பெட்டிக்குக் கீழ போனவர்.”

“ஆரோ யாவாரி ரீச்சர். ஒரு பச்சைச் சைக்கிளுக்காக ஆரும் ரெண்டு கிழமை நித்திரை முழிச்சுச் சண்டை பிடிப்பினமே?”

அவள் தாளை மடித்தாள். ஏதோ ஒன்று அவளுடைய காதில் பட்டது. என்னவென்று பிடிபடவில்லை. நேரம் ஓடிக்கொண்டிருந்தது.

“இன்னொண்டு கவனிச்சியா? குளக்கட்டில ஆர் புதுசா எழுதினாலும் முதல் என்ன கேப்பினம்?”

“‘ஆற்ர பிள்ளை?’ எண்டு கேப்பினம்” என்றான் நுஸ்கி. “தகப்பன் ஆர், எந்த வாய்க்கால், எத்தினையாம் ஒழுங்கை. விசா குடுக்கிறவங்கள் தோத்துப்போவாங்கள்.”

“ஒற்றைச்செருப்பை மட்டும் ஒருத்தரும் கேக்கேல்லை.”

நுஸ்கி விசைப்பலகையைத் துடைக்கத் தொடங்கினான். அது அழுக்காக இருக்கவில்லை.

வீரகத்தி எங்கே என்று கண்டுபிடிக்க அதிக நேரம் எடுக்கவில்லை. முன்னர் கிளிநொச்சியில் படம் பிடித்தவர், இப்போது பூவரசங்குளத்தில் தோட்டம் செய்கிறார் என்று சந்தையில் மரக்கறிக்காரி அன்னபாக்கியம் சொன்னாள்.

“பின் சில்லுக்குக் காத்துக் காணாது ரீச்சர்” என்றான் நுஸ்கி, தன் மோட்டார்சைக்கிளைக் காட்டி.

“அடி.”

“பெற்றோலும் மட்டு.”

“போற வழியில அடி.”

“கடையை ஆர் பார்க்கிறது? நான் நிக்கிறன், நீங்கள் பஸ்ஸில போயிட்டு வாங்கோவன்.”

அவள் கடையைப் பூட்டித் திறப்பைக் கைப்பைக்குள் போட்டாள்.

மன்னார் வீதியில் வெயில் காய்ச்சியது. சோதனைச்சாவடியில் இறங்கி, தள்ளி, அடையாள அட்டையைக் காட்டி, மறுபடி ஏறினார்கள். “இந்த ஐடியில உள்ள படத்தைப் பார்த்தா நானே என்னைப் பிடிச்சுக் குடுப்பன்” என்றான் நுஸ்கி. அதற்குப் பிறகு அவன் பேசவில்லை. மூன்று வருசமாக அவனுக்குப் பின்னால் இருந்து பயணம் செய்கிறாள். அவன் பேசாமல் ஓடியது அன்றைக்குத்தான். வீரகத்தியிடம் என்ன கேட்கப்போகிறாய் என்றுகூட அவன் கேட்கவில்லை.

வீரகத்தியின் வீடு வீதியில் இருந்து உள்ளே, ஒரு மிளகாய்த் தோட்டத்துக்குள் இருந்தது. நுஸ்கி வேலிப் படலையோடு நின்றுவிட்டான்.

“நான் மோட்டார்சைக்கிளோட நிக்கிறன். ஆடு சீற்றைத் தின்னும்.”

ஆடு கட்டியிருந்தது.

வீரகத்தி நீர் இறைக்கும் இயந்திரத்தைக் கழற்றிப் பரப்பி வைத்திருந்தார். நரைத்த மீசை. தாளை வாங்கி, கையை நீட்டிப் பிடித்துப் பார்த்ததும் முகம் விரிந்தது.

“இது என்ர படம்தான் பிள்ளை. குளம் நிரம்பி வான் பாய்ஞ்ச அண்டைக்குப் பிடிச்சது. யோகநாதன் கேட்டு அனுப்பினனான். நில், வடிவான படம் கிடக்கு.”

உள்ளே போய் ஒரு பிஸ்கற் ரின்னோடு வந்தார். ஒவ்வொரு இடம்பெயர்வுக்கும் அதைத் தூக்கிக்கொண்டு ஓடியதாகச் சொன்னார். மற்ற எதையும் தூக்கவில்லை என்று மனைவி இன்றைக்கும் ஏசுகிறாளாம். அதற்குள் இருந்த படம் தாளில் இருந்ததைவிடத் துலக்கமாக இருந்தது.

“இந்த ஆள் ஆர் ஐயா?”

“இவரோ? புடவைக்காரர். சைக்கிளில துணி கட்டிக்கொண்டு கிழமைக்கு ஒருக்கா வருவார். என்ர மனுசியின்ர கூறையைத் தவிர வீட்டில கிடந்த சீலை முழுக்க அவர் கொண்டந்ததுதான். படம் பிடிக்கேக்கை விலத்தி நில்லுங்கோ எண்டு சொன்னனான். ‘நானும் இந்தக் கட்டிலதானே தம்பி நிக்கிறன், என்னையும் சேர்த்துப் பிடியுங்கோ’ எண்டு சிரிச்சார். அந்தச் சிரிப்புக்காகத்தான் விட்டனான்.”

“பேர் என்ன?”

“புடவைக்காரர் எண்டுதான் சொல்லுறது. ஊர் முழுக்க அப்பிடித்தான். பேர்...” அவர் இயந்திரத்தின் ஆணி ஒன்றை எடுத்து மற்றக் கைக்கு மாற்றினார். “கேக்கேல்லைப் பிள்ளை. இவ்வளவு காலம் வந்து போன மனுசன். தொண்ணூறில முஸ்லிம் சனம் முழுக்க வடக்கை விட்டு வெளிக்கிடவேண்டி வந்ததுக்குப் பிறகு காணேல்லை.”

விமலேஸ்வரி படத்தைக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுவந்தாள். “பாரில கிடக்கிறது துணிப்பொட்டளியோ?”

“பொட்டளி பின் கரியரில. பாரில கிடக்கிறது கால்.”

“காலோ?”

“ஒரு சின்னப் பொடியன் முன்னுக்கு இருந்தவன். அவற்ர மோன் எண்டு நினைக்கிறன். நான் அமத்துற நேரம் பார்த்துக் குனிஞ்சிட்டான், தலை தகப்பனுக்குப் பின்னால போயிட்டுது. செருப்பு ஒண்டு குளத்துக்குள்ள விழுந்திட்டுது எண்டு ஒரே அழுகை. நானும் தடி வச்சுக் கிண்டிப் பார்த்தன், எடுக்கேலாமப் போச்சு. மற்றச் செருப்பைக் கையில பிடிச்சுக்கொண்டுதான் போனவன்.”

வெளியே ஆடு கத்தியது. செருப்புக் கதை தெரிந்தவர்கள் மூன்றுபேர்: தகப்பன், மகன், படம் பிடித்தவர். ஒருவர் இதோ முன்னால் இருக்கிறார். அவருக்குக் கணினி தெரியாது.

அப்போதுதான் காலையில் காதில் பட்டது என்னவென்று தெரிந்தது.

“ஐயா, அந்தச் சைக்கிள் என்ன நிறம்?”

“பச்சை. நல்ல கிளிப்பச்சை, அவரே அடிச்ச பெயின்ற். இந்தப் படத்தில எங்க தெரியப்போகுது?” அவர் படலைப்பக்கம் பார்த்தார். “அங்க வெயிலுக்குள்ள நிக்கிற தம்பி ஆர்? வந்து தேத்தண்ணி குடிக்கச் சொல்லன்.”

“அவருக்கு அவசரம் ஐயா” என்றாள் விமலேஸ்வரி. “எனக்கும்தான்.”

திரும்பும்போது சாவடியில் வரிசை நீண்டிருந்தது. ஒரு பஸ்ஸை முழுதாக இறக்கிச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். அவள் மணிக்கூட்டைப் பார்ப்பதும் கையை மடக்குவதுமாக நின்றாள். நுஸ்கி மோட்டார்சைக்கிளின் கண்ணாடியைத் திருப்பினான், மறுபடி பழையபடி திருப்பினான்.

கடையைத் திறந்தபோது ஆறு மணிக்கு அதிக நேரம் இருக்கவில்லை. திரையில் பொட்டுகள் அப்படியே இருந்தன.

“ஒற்றைச்செருப்பு பகல் முழுக்க ஒண்டும் எழுதேல்லை” என்றாள் அவள்.

“களைச்சுப்போனார் போல.”

“மோட்டார்சைக்கிள் ஓடிக்கொண்டு எழுதேலாது நுஸ்கி.”

அவன் சிரிக்கப் பார்த்தான். கதிரையை இழுத்து, உட்காராமல், அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

“எப்பிடி?”

“கறுப்பு வெள்ளைப் படத்தில பச்சைச் சைக்கிளைக் கண்டது நீ ஒருத்தன்தான்.”

“அட” என்றான் அவன் மெதுவாக. “வாயால கெட்டன்.”

“ஏன் இவ்வளவு பாடு? உனக்குக் கொம்பியூட்டர் தெரியும். பழைய பக்கத்தில இருந்து படத்தை எடுத்து வச்சிருக்கலாமே?”

“வச்சிருக்கிறன் ரீச்சர். அச்சடிச்சு உம்மாவுக்கும் அனுப்பினனான். சட்டம் போட்டுச் சுவரில மாட்டியிருக்கிறா. ஆனா அது புத்தளத்தில, எங்கட வீட்டுச் சுவர். இதில எண்டா அவர் ஊருக்குள்ள நிண்டவர். நோர்வேயில, சுவிசில, எல்லாரும் காலமையில திறந்தா அவற்ர முகத்தில முழிச்சவை. ஆர் எண்டு தெரியாமலே முழிச்சவை. ஒருக்கா அங்கயிருந்து எடுத்தாச்சு. ரெண்டாந்தரம் ஒரு மணிக்கூட்டை வச்சு...”

“அதை நேராக் கேட்டிருக்கலாமே? யோகநாதன் நல்ல மனுசன்.”

“கேட்டா, ‘ஆற்ர பிள்ளை’ எண்டு கேப்பினம். சொன்னா, ‘உனக்கும் எங்கட குளக்கட்டுக்கும் என்ன’ எண்டு ஒருத்தன் எழுதினாக் காணும். நான் அதை எங்க கொண்டுபோய் வைக்கிறது?” அவன் திரையைப் பார்த்தான். “மணிக்கூடு பிந்துது எண்டு ஏசினா ஒருத்தரும் அப்பிடிக் கேக்கேல்லை. இவ்வளவு உரிமையோட ஏசுறவன் ஊர்க்காரனாத்தான் இருப்பான் எண்டு நினைச்சிட்டினம். நடராசா அண்ணை எனக்கு ‘மச்சான்’ எண்டு எழுதினவர். ரெண்டு கிழமை நானும் ஊர்க்காரன், ரீச்சர். அதுதான் நிப்பாட்டேலாமப் போச்சு.”

அவள் ஒரு பொட்டை நகத்தால் உரித்தாள்.

“என்ர தம்பியின்ர பேர் அதில கிடக்கு எண்டு உனக்குத் தெரியும்.”

“தெரியும். உண்மையாப் பூட்டுவார் எண்டு நான் நினைக்கேல்லை. அல்லாஹ் அறிய, நினைக்கேல்லை. ராத்திரி நித்திரை இல்லை.”

தொலைபேசி அடித்தது. இருவரும் அதைப் பார்த்தார்கள். மூன்றாவது தடவை அடித்தபோது அவள் எடுத்தாள்.

“பிள்ளை, நான் சப்பாத்துப் போட்டாச்சு” என்றது யோகநாதனின் குரல். “பக்கம் முன்னால திறந்து கிடக்கு. ஒரு விசையை அமத்தினாச் சரி. கண்டுபிடிச்சியா?”

“ஓம் அண்ணை.”

“ஆர் அவன்?”

விமலேஸ்வரி நுஸ்கியைப் பார்த்தாள். ஒரு பெயர் சொன்னால் போதும், வேலை முடிந்தது; பிரதாபனின் பெயரும் தப்பும். அவள் ஒலிவாங்கியைக் கையால் பொத்தினாள்.

“நான் சொல்லமாட்டன்” என்றாள் நுஸ்கியிடம். “எனக்குத் தெரிஞ்சு என்ன? அந்த ஆளின்ர பேர் வீரகத்தி ஐயாவுக்கும் தெரியாது. ஊரில ஒருத்தருக்கும் தெரியாது. தெரிஞ்ச ஆள் நீதான்.”

தொலைபேசியை அவனிடம் நீட்டினாள். அவன் அதைச் சூடான பாத்திரத்தை வாங்குவதுபோல வாங்கினான்.

“ஹலோ? ஹலோ, பிள்ளை?”

“அண்ணை” என்றான் நுஸ்கி. தொண்டையைச் செருமினான். “ஒற்றைச்செருப்பு கதைக்கிறன்.”

ஏசுவார் என்று விமலேஸ்வரி காத்திருந்தாள். ஏசவில்லை. இத்தனை நாளும் குளக்கட்டில் யாரும் கேட்காத கேள்வியை, சண்டைக்கு நடுவில் கேட்க மறந்த கேள்வியை, ஊர்வழக்கம் மாறாமல் யோகநாதன் கேட்டார்.

“தம்பி, நீ ஆற்ர பிள்ளை?”

நுஸ்கி மேசையில் மடித்துக் கிடந்த விளம்பரத்தாளை ஒற்றைக்கையால் விரித்தான். மூலையில் சிரித்துக்கொண்டிருந்த மனிதரின் மேல் விரலை வைத்தான்.

“ஸுஹைரின்ர பிள்ளை அண்ணை” என்றான். “உங்கட குளக்கட்டில சைக்கிளோட நிக்கிறவர் என்ர வாப்பா.”